ஹாம் (அமெச்சூர் ரேடியோ) சங்க ஆண்டறிக்கை: ஆப்-ஆம்ப் சூடான வருடம்

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். அறிக்கையைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லித் தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், ஆனால் பட்டறையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் மிஞ்சாது. அதனால் மற்றதை வேகமாக ஓட்டிவிட்டு அங்கே வருகிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, மழைக்காலத்தில் மட்டும் ஆள் குறைவு. ஹாம் உரிமத்தின் ரிஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை என்பதால், அந்த கிரேடுக்குப் படித்துக்கொண்டே மோர்ஸ் வகுப்புக்கு வருகிறவர்கள் ஆர்வத்தால் மட்டுமே வருகிறார்கள், எனக்கென்னவோ அதுவே நல்லது என்று படுகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சரி, பட்டறை. சங்கத்தின் ஜிபிஎஸ் ரெஃபரன்ஸிலிருந்து வரும் 10 மெகாஹெர்ட்ஸை ஃப்ரீக்வென்சி கவுண்ட்டர், சிக்னல் ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு பெட்டி செய்வது என்று முடிவு. டீ கனெக்டர் போட்டுப் பிரித்தால் ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்றில் லெவல் ஏறும். அதனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி), கெயின், அதாவது பெருக்கம், 2, அதன் பின்னால் 50 ஓம் ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டரும் எதிர்முனையில் உள்ள 50 ஓமும் சேர்ந்து வோல்டேஜைப் பாதியாக்குவதால் உள்ளே போன லெவலே வெளியே கிடைக்கும். ஆர்எஃப்-ல் (ரேடியோ அலைவரிசைகளில்) ஆப்-ஆம்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அநேகமாக இல்லை.

எந்த ஐசி என்பதில்தான் சண்டை. உதிரிபாகப் பெட்டியில் 5532 என்ற ஆடியோ ஆப்-ஆம்ப் நிறையக் கிடக்கிறது, 10 மெகாஹெர்ட்ஸ் என்று டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கிறதே என்றார்கள். அந்த 10 மெகாஹெர்ட்ஸ் கெயினையும் பேண்ட்விட்த்தையும் பெருக்கி வருகிற எண். அந்த இடத்தில் ஐசியிடம் மிச்சமிருக்கும் கெயின் வெறும் 1, அதில் 2 எங்கிருந்து வரும்? அதைவிட முக்கியம் ஸ்லூ ரேட், அதாவது வெளியீட்டு வோல்டேஜ் எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியும் என்பது. பெட்டிக்கு வெளியே 1 வோல்ட் உச்சம் வேண்டுமென்றால் ஐசியின் காலில் 2 வோல்ட் வேண்டும், 10 மெகாஹெர்ட்ஸில் அதற்கு மைக்ரோசெகண்டுக்கு சுமார் 126 வோல்ட் வேகம் தேவை. 5532 கொடுப்பது 9. நம் பழைய 741 கொடுப்பது 0.5, அதாவது இந்த அலைவரிசையில் 8 மில்லிவோல்ட் உச்சத்தைத் தாண்டினாலே சைன் முக்கோணமாகிவிடும். கடைசியில் 5500 வோல்ட் வேகமுள்ள ஏடி8009 என்று முடிவானது. அது கரண்ட் ஃபீட்பேக் வகை (வெளியீட்டிலிருந்து திரும்பி வருவதை மின்னோட்டமாக வாங்கிக்கொள்ளும்), அங்கேதான் கதை ஆரம்பம்.

கல்லூரி மாணவரான உறுப்பினர் ஒருவர் அதை அடாப்டர் போர்டில் ஒட்டி, பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) செருகி, ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே பழக்கதோஷத்தில் ஒரு 10 பிகோஃபாரட் கெபாசிட்டரையும் போட்டிருந்தார். "சார், ஸ்கோப்ல ஒண்ணுமே தப்பா இல்ல, ஆனா ஐசி மேல விரல் வைக்க முடியல" என்றார். ஸ்கோப்பில் தெரியாது தம்பி, அது 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கணினியில் செருகும் குட்டி ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளைப் பக்கத்தில் வைத்தார்: யுஎச்எஃப்-ல் (300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) தடியாக ஒரு கேரியர், அதாவது ஐசி தானாக உண்டாக்கும் அலை, கையை அருகில் கொண்டுபோனால் அது நகர்கிறது! சாதாரண ஆப்-ஆம்பில் அந்தக் கெபாசிட்டர் பெரும்பாலும் அடக்கும். கரண்ட் ஃபீட்பேக்கில் லூப்பைக் கட்டிப்போடுவதே ஃபீட்பேக் ரெசிஸ்டரின் மதிப்புதான், அலைவரிசை ஏற ஏற கெபாசிட்டர் அந்த ரெசிஸ்டரை ஷார்ட் செய்துவிடுவதால் ஐசி தானாகவே ஊசலாடத் தொடங்கிவிடுகிறது.

கெபாசிட்டரைக் கழற்றியும் முழுதாக அடங்கவில்லை, ஏனென்றால் பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையிலேயே சில பிகோஃபாரட் இருக்கும். செம்புத் தகட்டில் எல்லாவற்றையும் குட்டையான கால்களோடு நேரடியாகச் சால்டர் செய்து, மைனஸ் இன்புட் காலுக்கு அடியில் மட்டும் செம்பைச் சுரண்டி எடுத்து, சப்ளை காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் போட்டதும் கேரியர் போனது, ஐசியும் ஆறியது. அப்புறம் அந்த டாங்கிள் சோதனை பட்டறையில் சட்டமாகிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு ஆன்டெனாவுக்கு நேராகவும் ஆப்-ஆம்ப் வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் வைக்கலாம். 50 ஓம் டெர்மினேஷனோடு 1 நானோவோல்ட் நாய்ஸ் ரகத்து நல்ல ஐசியை வைத்தாலும் நாய்ஸ் ஃபிகர் (ஐசி தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) 8 டெசிபலைத் தாண்டும், ஆனால் அந்த பேண்டில் ஆன்டெனா கொண்டுவரும் இரைச்சலே அதைவிட மிக அதிகம் என்பதால் காதுக்குத் தெரியாது. தொல்லை கொடுப்பது பக்கத்து பிராட்காஸ்ட் நிலையங்கள் உண்டாக்கும் இன்டர்மாடுலேஷன்தான் (பலமான சிக்னல்கள் ஐசிக்குள் கலந்து பொய்யான சிக்னல்களை உண்டாக்குவது). 144 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா இரைச்சல் குறைவு, அங்கே வைத்தால் பலவீனமான ஸ்டேஷன்கள் எல்லாம் காணாமல் போகும், அதற்கு நாய்ஸ் ஃபிகர் 1 டெசிபலுக்கும் குறைவான எம்எம்ஐசி (ஆர்எஃப்-க்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயர் சிப்) மலிவாகவே கிடைக்கிறது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவரிலும் ஆர்எஃப் நிலைகளில் சாதாரண டிரான்சிஸ்டர்கள்தான்.

என்னைக் கேட்டால் பெட்டியில் கிடக்கும் 5532-க்கு உரிய இடம் ரிசீவரில் அலைவரிசையைக் கீழே இறக்கும் மிக்சருக்குப் பின்னால். டெய்லோ டிடெக்டர் என்ற மிக்சர் வகையில் 3253 ஸ்விட்ச் ஐசி சிக்னலை நேராக ஆடியோவுக்கு இறக்கிவிடும், அதற்கப்புறம் 5532-ன் 9 வோல்ட் வேகமும் 5 நானோவோல்ட் நாய்ஸும் தாராளம்.

அடுத்த வருடத்துக்கு அந்த டெய்லோ டிடெக்டர் ரிசீவரையே பட்டறைத் திட்டமாக முன்மொழிகிறேன். ஸ்விட்ச் ஐசியும் செம்புத் தகடும் வாங்க இந்தக் கூட்டம் அனுமதி தர வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸ் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, எடுத்துப் போகிறவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ இடைவேளையிலேயே பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.