குப்பைத்தொட்டில விழுந்த பெல்ட்டு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் டீக்கடையில பாக்சிங் பேச்சு வந்துச்சு, பெரிய சாம்பியன் எவனும் யாரையும் பாத்து ஒதுங்க மாட்டான்னு ஒரு பெரியவரு அடிச்சு சொல்றாரு, எனக்கு மனசு கேக்கல அதான் எழுதறேன்.

ஜாக் டெம்ப்சி 1919லருந்து 1926 வரைக்கும் ஹெவிவெயிட் சாம்பியன், அத்தனை வருசமும் ஹாரி வில்ஸ்னு ஒரு கறுப்பின வீரர் ஒரு சான்சுக்கு காத்துக்கெடந்தாரு, கான்ட்ராக்ட் கையெழுத்தாகியும் ஃபைட்டு நடக்கவே இல்ல. டெம்ப்சிய மட்டும் கோழைன்னு சொல்ல மாட்டேன், கறுப்பரு ஜெயிச்சிட்டா என்ன ஆகுமோன்னு ஃபைட்டு நடத்தறவங்களும் பயந்தாங்க. ஆனா வில்ஸுக்கு வயசு போனது போனதுதானே, அவருக்கு யாருங்க பதில் சொல்றது?

ரிடிக் போவ் கதை வேற. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் ஃபைனல்ல லெனாக்ஸ் லூயிஸ் ரெண்டாவது ரவுண்டுலயே அவர முடிச்சிட்டாரு. 1992ல போவ் சாம்பியன் ஆனதும் லூயிஸோட மோதணும்னு வந்துச்சு, போவ் லண்டன்ல பேப்பர்காரங்க முன்னாடியே டபிள்யூபிசிங்கற உலக பாக்சிங் கவுன்சிலோட சாம்பியன் பெல்ட்டை குப்பைத்தொட்டில போட்டாரு. பணத்தகராறுன்னு என்ன சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன், அது ஒதுங்கினதுதான்.

எங்க அக்கா பையன் மாந்தோப்புல மணல் மூட்டைய கட்டித் தொங்கவிட்டு தினமும் குத்தறான், விரல் மொளியெல்லாம் தோல் உரிஞ்சு கெடக்கு. அவன்கிட்ட நான் யாருக்கும் ஒதுங்காத முகமது அலிய பத்திதான் சொல்லுவேன், 1974ல 32 வயசுல போயி, 40 ஃபைட்டுல ஒண்ணு கூட தோக்காத சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டுல சாய்ச்சாரு. வில்ஸ் பத்தி நம்ம பேப்பர்ல ஒரு அரைப்பக்கமாவது போடுங்க ஐயா, பையனுக்கு படிச்சுக் காட்டணும்.

– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்