கயலுக்கு: உன் 50 மி.மீ. லென்ஸைப் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

லென்ஸ் வந்து சேர்ந்துவிட்டது. நீ சொன்னபடி பெட்டியைப் பிரித்து, இங்கே இருக்கும் கேனன் 200டி மார்க் 2 கேமராவில் மாட்டிப் பார்த்தேன். உன்னிடம் இருப்பதும் அதே பாடி என்பதால் நான் எழுதும் கணக்கெல்லாம் உனக்கும் அப்படியே பொருந்தும். திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். அது மும்பை வந்து சேர்வதற்குள் இதை ஒருமுறை படித்துவிடு. இந்த லென்ஸை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரம் முழுக்க எஃப்/1.8-இலேயே, அதாவது ஒளித் துளையை முழுக்கத் திறந்தே (இந்த எண் சிறிதானால் துளை பெரிது), சுட்டுத் தள்ளிவிட்டு, "ஷார்ப்பே இல்லை" என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். நீ அந்தப் பாதியில் சேர வேண்டாம்.

முதலில் கையில் எடுத்தால் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். 160 கிராம்தான். உடம்பு பிளாஸ்டிக், ஆனால் கேமராவில் பொருந்தும் வளையம் உலோகம். 1990-இல் வந்த பழைய 50 எஃப்/1.8 இரண்டாம் பதிப்பில் அந்த வளையமும் பிளாஸ்டிக். அபெர்ச்சரை, அதாவது ஒளித் துளையை, மூடித் திறக்கும் தகடுகளும் ஐந்துதான். 2015-இல் வந்த இந்த எஸ்டிஎம் பதிப்பில் ஏழு தகடுகள், ஓரம் வளைந்தவை. ஃபோகஸ் வளையம் மெல்லியது, விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பு. தூர அளவுகோல் இல்லை. ஆட்டோ ஃபோகஸ் வேகம் போதுமானது. மோட்டார் சத்தம் லேசாகக் கேட்கிறது. படத்துக்கு அது தொந்தரவில்லை, வீடியோ எடுத்தால் கேமராவின் மைக்கில் பதிந்துவிடும். பெட்டியில் லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் கிடையாது, பையும் கிடையாது.

இவ்வளவு மலிவாக எப்படித் தருகிறார்கள் என்று கேட்டாய். ஐந்து குழுவில் ஆறு கண்ணாடி, அவ்வளவுதான் உள்ளே. 1896-இல் ஜெர்மனியில் பால் ருடால்ஃப் வரைந்த பிளானார் லென்ஸின் வழியில் வந்த அமைப்பு. கேனன் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வளையத்துக்கும் படத்தைப் பதியும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ. இடைவெளி, அதற்குள் வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பும் முகக்கண்ணாடி ஏறி இறங்க வேண்டும். 24 மி.மீ. மாதிரி அகல லென்ஸ் என்றால் அந்த இடைவெளியைத் தாண்டிப் பிம்பத்தை விழவைக்கக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும், விலை ஏறும். 50-க்கு அந்தச் சிக்கலே இல்லை. அதனால் விலை குறைவு என்பதற்காக இதைக் குறைத்து மதிப்பிடாதே. காசை உடம்பிலும் மோட்டாரிலும்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

இனி தூரம். உன் சென்சார் சிறியது, 22.3-க்கு 14.9 மி.மீ. அதனால் இந்த 50, பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவைத்தான் காட்டும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 65 செ.மீ. உயரம் அடங்கும்: தலை, தோள், மார்பு வரை. இடுப்பு வரை வேண்டுமென்றால் இரண்டேகால் மீட்டர். முழு உருவத்துக்கு நாலரை மீட்டர் வேண்டும். உன் ஹாலில் பால்கனிக் கதவைத் திறந்து முதுகை அதில் சாய்த்தாலும் கிடைக்காது. முகம் மட்டும் வேண்டுமென்று 60 செ.மீ. வரை கிட்டே போகாதே. லென்ஸ் அந்தத் தூரத்தில் ஃபோகஸ் ஆகும், ஆனால் மூக்கு பெருத்துக் காது பின்னால் போய்விடும். அதற்கு லென்ஸ் காரணமில்லை, நீ நிற்கும் தூரம்தான் காரணம். ஒரு மீட்டருக்கு உள்ளே முகத்தை நெருங்குவதில்லை என்று வைத்துக்கொள்.

எஃப்/1.8-இல் எவ்வளவு ஆழம் தெளிவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மீட்டரில் சுமார் 11 செ.மீ., ஒன்றரை மீட்டரில் 6 செ.மீ., ஒரு மீட்டரில் 3 செ.மீ.க்கும் குறைவு. முகத்தைச் சற்றே திருப்பினால் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள ஆழமே அந்த மூன்றை எட்டிவிடும். இதில் இன்னொரு பொறி இருக்கிறது. வியூஃபைண்டரில் பார்க்கும்போது இந்த ஆபத்து தெரியாது. இப்போதைய டிஎஸ்எல்ஆர் திரைகள் எஃப்/2.8-ஐ ஒட்டிய ஆழத்தைத்தான் கண்ணுக்குக் காட்டும், லென்ஸ் அதைவிட அகலமாகத் திறந்திருந்தாலும். எல்லாம் தெளிவாக இருப்பதாக நினைத்துச் சுடுவாய். கணினியில் திறந்தால் ஒரு கண் மங்கியிருக்கும்.

நடுப் புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டு, பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழக்கம் உனக்கு உண்டு. கேமராவோடு வந்த கிட் லென்ஸில் அது செல்லும். இதில் செல்லாது. ஒரு மீட்டரில் கண்ணைப் பிடித்து 8 டிகிரி திருப்பினால் தெளிவுத் தளம், அதாவது ஃபோகஸ் விழும் இடம், கண்ணுக்கு ஒரு செ.மீ. பின்னால் நகர்ந்துவிடும். உன் கையில் இருப்பதே முன்னும் பின்னும் ஒன்றேகால், ஒன்றரை செ.மீ.தான். மிச்சத்தை உன் உடம்பின் ஆட்டம் தின்றுவிடும். இமை மங்கி, காதோர முடி கூர்மையாக இருக்கிற படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. கண்ணின் மேலேயே விழுகிற புள்ளியைத் தேர்ந்தெடு. அல்லது திரையைத் திறந்து, அதிலேயே பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் கண் கண்டறியும் வசதியைப் போட்டுக்கொள். உன் பாடியில் அது இருக்கிறது, இந்த லென்ஸோடு நன்றாகவே வேலை செய்கிறது. உருவப் படத்துக்கு அதுதான் முதல் வழி என்பேன்.

லென்ஸ் கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மூன்று பென்சில் பேட்டரிகளை மேசையில் சாய்வரிசையாக, ஒன்றுக்கொன்று 2 செ.மீ. முன்பின்னாக நிறுத்து. ஒரு மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமரா, எஃப்/1.8, நல்ல வெளிச்சம். வியூஃபைண்டர் வழியாக நடுப் பேட்டரியின் எழுத்தில் ஃபோகஸ் செய்து சில படங்கள் எடு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தூரத்தில் எதையாவது ஃபோகஸ் செய்து கலைத்துவிட்டு வா. பிறகு லைவ் வியூவில் அதையே செய். இரண்டிலும் நடுப் பேட்டரி தெளிவென்றால் கவலை இல்லை. லைவ் வியூவில் சரியாக விழுந்து, வியூஃபைண்டரில் மட்டும் எப்போதும் முன் பேட்டரியோ பின் பேட்டரியோ தெளிவாக வந்தால், பாடியும் லென்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். 200டி வரிசையில் அதை மெனுவிலேயே திருத்தும் வசதி கிடையாது. சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் லைவ் வியூவிலேயே காலம் தள்ள வேண்டும். இரண்டிலும் ஒரு படத்துக்கு ஒரு இடம் என்று தாறுமாறாக விழுந்தால் லென்ஸையே சந்தேகப்படு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடு. இங்கே என் பாடியில் சரியாகத்தான் விழுகிறது. உன் பாடியில் எப்படி என்பது அங்கே பார்த்தால்தான் தெரியும்.

இந்த லென்ஸை மங்கலான பின்னணிக்காக வாங்கியதாக நினைக்காதே, வெளிச்சத்துக்காக வாங்கியதாக நினை. உன் 18-55 கிட் லென்ஸ் 55-இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8 அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை விடும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன், ஏற ஏறப் படம் கெடும்) 6400 வேண்டியிருந்தால், இதில் எஃப்/2.8-இல் 1600 போதும், முழுக்கத் திறந்தால் 640-ஐ ஒட்டி. முகத்தின் நிறத்திலும் பட்டுப்புடவையின் அடர் நிறங்களிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பின்னணி மங்க வேண்டுமென்றால் ஆளைச் சுவரிலிருந்து நகர்த்து. நீ ஒன்றரை மீட்டரில் நிற்கிறாய், ஆளுக்குப் பின்னால் அரை மீட்டரில் சுவர், எஃப்/1.8 என்று வை. அதே ஆளைச் சுவரிலிருந்து இரண்டரை மீட்டர் முன்னால் கொண்டுவந்து எஃப்/2.8-இல் எடுத்தால், சுவர் முதல் படத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மங்கும். முகத்தில் தெளிவின் ஆழமும் 6-இலிருந்து 9 செ.மீ.க்குக் கூடுகிறது. ஃபர்னிச்சரை நகர்த்துகிற சிரமம் மட்டும்தான் செலவு.

லென்ஸின் குறைகளையும் தெரிந்துகொள். முழுக்கத் திறந்தால் நடுப்பகுதி தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் மேலே ஒரு மெல்லிய ஆடை படர்ந்தது போலக் கான்ட்ராஸ்ட் குறைகிறது. எஃப்/2.2-இல் அது விலகத் தொடங்கும், 2.8-இல் நன்றாகத் தெளியும், 4-லிருந்து 5.6 வரை உச்சம். ஜரிகை, மூக்குத்தி, கண்ணாடி வளையல் மாதிரி மின்னுகிற இடங்களில் தெளிவுத் தளத்துக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை என்று கரை கட்டும். இந்த அளவு திறக்கும் மலிவு லென்ஸ்களில் இது சகஜம். மென்பொருளில் ஓரளவு நீக்கலாம், ஆனால் ஊதா நிறப் புடவை இருந்தால் அதன் நிறத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அபெர்ச்சரைக் குறைப்பதே மேல். ஜன்னலோ விளக்கோ நேராக லென்ஸுக்குள் அடித்தால் படம் வெளிறும், அங்கே ஹூட் உதவும்.

ஹூட்டை அவசியம் வாங்கு, இஎஸ்-68 என்பது மாடல். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிட்டே ஃபோகஸ் செய்யும்போது உள் குழல் வெளியே நீளும். அது நீண்டிருக்கும்போது எதிலாவது இடித்தால் உள்ளே பல்சக்கரம் போய்விடும். இந்த லென்ஸ்கள் சாவது பெரும்பாலும் அப்படித்தான். ஹூட் வெளி உடம்பில் பொருந்துவதால் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பையில் வைக்குமுன் தூரத்தில் எதையாவது ஒருமுறை ஃபோகஸ் செய், குழல் உள்ளே போகும், பிறகு ஆஃப் செய். ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது, கேமரா ஆஃப் ஆகியிருக்கும்போது சுற்றினால் ஒன்றும் நடக்காது. குழலைக் கையால் பிடித்துத் தள்ளவே கூடாது. யுவி ஃபில்டர் வேண்டாம். கடைக்காரர் 49 மி.மீ.யில் ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார். மலிவு ஃபில்டர் போட்டுக் குத்துவிளக்கைப் படமெடுத்தால், ஒவ்வொரு சுடருக்கும் சட்டகத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு போலிச் சுடர் வரும்.

உன் தோழியின் வளைகாப்புக்கு இப்படி வைத்துக்கொள்: மேனுவல் மோட், ஷட்டர் 1/160, எஃப்/2.5, ஐஎஸ்ஓ ஆட்டோ. அபெர்ச்சரை மட்டும் நீ தேர்ந்தெடுக்கும் ஏவி மோடில் விட்டால் கேமரா ஷட்டரை 1/80 பக்கம் இறக்கிவிடும், வளையல் போடும் கை அசைந்து கெட்டுவிடும். இந்த லென்ஸில் நடுக்கம் தாங்கும் வசதியும் கிடையாது. மண்டபத்தில் மலிவு எல்இடி விளக்குகள் இருந்து படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் 1/100-க்கு இறக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், 1/100 அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். வளையல் கையை மட்டும் நெருங்கி எடுக்க 35 செ.மீ. வரை போகலாம், அதைச் சென்சாரிலிருந்து அளக்க வேண்டும். அந்த நெருக்கத்தில் எஃப்/1.8 என்றால் தெளிவு 2 மி.மீ.தான், அதனால் எஃப்/8-க்குப் போ. கூட்டுப் படத்துக்கு இதைத் தொடாதே. மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் அகலத்தில் 1.3 மீட்டர்தான் அடங்கும், மூன்று பேர் நிற்கலாம். கிட் லென்ஸை மாட்டிக்கொள்.

மொட்டை வெயிலில் எஃப்/1.8-க்கு ஐஎஸ்ஓ 100-இல் 1/8000 வேண்டும், உன் பாடியில் 1/4000-தான் உச்சம். எஃப்/2.8-க்கு மூடு, அல்லது நிழலுக்கு நகர்.

மும்பை மழைக்காலத்துக்குக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மீட்டரும் போட்டு வை. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை வராது. தோல் பையில் மூடி அலமாரியில் மட்டும் வைக்காதே.

85 வாங்கியிருக்கலாமோ என்று கடைசியாகக் கேட்டிருந்தாய். 1992-இல் வந்த 85 எஃப்/1.8 நல்ல லென்ஸ், மோட்டார் இதைவிடப் பல படி மேல். ஆனால் 425 கிராம், உன் சென்சாரில் 136 மி.மீ. மாதிரி இருக்கும், இடுப்பு வரை எடுக்கவே நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். உன் வீட்டில் அது வாசலுக்கு வெளியே நின்று எடுக்கிற லென்ஸ். முழு ஃபிரேம் கேமராவுக்குப் போகும் நாளில் யோசிக்கலாம். அதுவரை இதையே வைத்துக்கொள். நாளைக்கு முகக்கண்ணாடி இல்லாத கேனன் ஆர் வரிசைக் கேமராவுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு இதை மாட்டலாம்.

பேட்டரி சோதனைப் படங்களைத் திருத்தாமல், வாட்ஸ்அப்பில் சுருக்காமல், மெயிலில் அனுப்பு. ஷட்டர், அபெர்ச்சர் விவரம் அழியாமல் இருந்தால்தான் என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
அம்மா