ஊட்டியில் கல்லாகிப் போன டாஃபி

தூத்துக்குடி

அன்புள்ள நடராஜனுக்கு,

உன் கடிதமும், கூடவே பட்டர் பேப்பரில் சுற்றி அனுப்பியிருந்த அந்தக் கல்லும் வந்து சேர்ந்தன. அது சால்ட் வாட்டர் டாஃபி, அதாவது பாகை இழுத்து இழுத்துச் செய்கிற அமெரிக்க ஜவ்வு மிட்டாய் என்று நீ சத்தியம் பண்ணுவதால் நம்புகிறேன். நீ எழுதியிருக்கிறதைப் பார்த்தால் அளவிலும் தப்பில்லை, கிளறினதிலும் தப்பில்லை. தப்பு ஊட்டியில் இருக்கிறது.

சமையல் குறிப்பில் 125 டிகிரி என்று போட்டிருந்தது, நீயும் தெர்மாமீட்டர் 125 காட்டின பிறகுதான் இறக்கினாய். அந்த 125 கடலோரத்துக் கணக்கு. நீ இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே பச்சைத் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். ஏழரை டிகிரி வித்தியாசம். பாகுக்கும் அதே கழிவுதான். நீ பார்த்த 125, எனக்கு 132-க்குச் சமம். பாகின் பதத்தைத் தீர்மானிப்பது உள்ளே மிஞ்சியிருக்கிற தண்ணீர். டிகிரி அதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். கடல் மட்டத்தில் 121-லிருந்து 130 வரை கெட்டி உருண்டைப் பதம், அதில் சர்க்கரை ஏறக்குறைய 92 சதவீதம். 132-ஐத் தாண்டினால் 95 சதவீதம், முறுகத் தொடங்கிவிடும். அந்த மூன்று சதவீதத் தண்ணீரில்தான் ஜவ்வு இருக்கிறது.

அடுத்த தடவை முதலில் தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் பிடி. 100-லிருந்து எத்தனை குறைவாகக் காட்டுகிறதோ, அத்தனையை 125-லிருந்து கழித்துக்கொள். உனக்கு 117, 118-இல் இறக்க வேண்டிவரும். சந்தேகம் வந்தால் அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற மாதிரி, கிண்ணத்துப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார். விரலில் உருண்டு, அமுக்கினால் லேசாக நசுங்கி, எடுத்து வைத்தால் உருவம் கலையாமல் நிற்க வேண்டும். கிண்ணத்தில் டங்கென்று சத்தம் கேட்டால் அது கடலை மிட்டாய்க்குத்தான் ஆகும். இந்தச் சோதனை ஊட்டியிலும் பொய் சொல்லாது, ஏனென்றால் அது சூட்டைப் பார்ப்பதில்லை, பாகைப் பார்க்கிறது.

அளவு நான் சொல்வது இது: சர்க்கரை 200 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 160 கிராம், தண்ணீர் 90 மில்லி, கார்ன்ஃப்ளார் ஒரு டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 15 கிராம், உப்பு அரை டீஸ்பூன். கார்ன்ஃப்ளாரை உலர்ந்த சர்க்கரையோடு கலந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். அடிகனமான பாத்திரம் எடுத்துக்கொள். கொதி வருகிறவரை கிளறு, வந்ததும் கரண்டியை வெளியே எடுத்துவிடு. சுற்றுச் சுவரில் தெறித்து ஒட்டியிருக்கிற சர்க்கரையை நனைத்த பிரஷ்ஷால் வழித்துவிடு. அந்த ஒரு குறுணை உள்ளே விழுந்தால் போதும், மொத்தப் பாகும் பூத்துப்போய் மணல் மணலாகிவிடும். குளுக்கோஸ் சேர்ப்பதும் இந்தப் பூப்பைத் தடுக்கத்தான். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து வெண்ணெயையும் உப்பையும் போடு. எசன்ஸை அப்போது ஊற்றாதே, சூட்டில் ஆவியாகிப் போகும். தட்டில் கொட்டி ஆறின பிறகு விடு.

இனி இழுப்பு. வெண்ணெய் தடவின தட்டில் ஊற்றி, ஓரம் இறுகும்போது உள்பக்கமாக மடித்துவிட்டுக்கொண்டே இரு. கை பொறுக்கிற சூடு வந்ததும் தொடங்கு. சூடு அதிகமாக இருந்தால் ஒழுகும், காற்றும் நிற்காது, ஆறிவிட்டால் அறுந்துபோகும். ஒரு முழம் இழு, மடி, ஒரு முறுக்கு முறுக்கு, மறுபடி இழு. மடிப்புக்கு மடிப்பு இரட்டிப்பாகும், பத்தாவது மடிப்பில் 1,024 இழை. இழைகளுக்கு நடுவே அகப்படுகிற காற்றுதான் கண்ணாடி மாதிரி இருந்த பாகை வெள்ளையாக்குகிறது, பல்லுக்கு இதமாக்குகிறது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பட்டுநூல் கண்டு போலப் பளபளப்பு வரும், கை வலிக்கும், அப்போது நிறுத்து. கையில் வெண்ணெயை அள்ளி அள்ளித் தடவாதே. இழையோடு இழை ஒட்டாமல் தனித்தனியாகப் பிரியும். பிறகு கயிறாக உருட்டி, வெண்ணெய் தடவின கத்தரிக்கோலால் வெட்டி, அப்போதே பேப்பரில் சுற்றிவிடு. பனிமூட்டம் இறங்குகிற உங்கள் ஊரில் அரைமணி திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்து, தட்டோடு தட்டாகப் படுத்துவிடும்.

கல்லாகிப் போன மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. உடைத்து, நாலு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் முழுக்கக் கரையவிட்டு, மறுபடி 117-க்குக் கொண்டு வா. மிட்டாய் அவ்வளவு வெள்ளையாக வராது, மற்றபடி குறையில்லை.

பெயர்க் காரணம் கேட்டிருந்தாய். சால்ட் வாட்டர் டாஃபியில் கடல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. உப்பளத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது எனக்கே வேடிக்கைதான். நியூ ஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில், கடற்கரையை ஒட்டிப் போட்ட பலகைப் பாதையில் டேவிட் பிராட்லி என்பவர் மிட்டாய்க் கடை வைத்திருந்தாராம். 1883-இல் கடல் பொங்கி, கடைக்குள் தண்ணீர் புகுந்து சரக்கெல்லாம் நனைந்து கிடந்த நேரத்தில், ஒரு சிறுமி டாஃபி கேட்டாளாம். 'உப்புத்தண்ணி டாஃபிதான் இருக்கு' என்று எரிச்சலில் சொன்னது பெயராகிவிட்டது என்கிறார்கள். உப்புத்தண்ணீரில் ஊறின மிட்டாயை யார் வாங்குவார்கள்? எனக்கு அது வியாபாரத்துக்குக் கட்டின கதையாகத்தான் படுகிறது.

ஊருக்கு வந்தவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போகிற பண்டமாக அதை மாற்றியவர் ஜோசப் ஃப்ராலிங்கர். பெட்டியில் அடைத்து விற்றார். திருநெல்வேலி போனால் அல்வா மாதிரி. போட்டிக்கு வந்த ஈனக் ஜேம்ஸ், பேப்பரில் ஒட்டிக்கொள்ளாத பாகமாகத் திருத்தி, வாய்க்கு அடக்கமான துண்டாக வெட்டினார். 1923-இல் ஜான் எட்மிஸ்டன் என்பவர் அந்தப் பெயரையே வர்த்தக முத்திரையாகப் பதிந்து, ஊரிலுள்ள கடைக்காரர்களிடம் ராயல்டி கேட்டார். வழக்கு நடந்து 1925-இல் முத்திரை ரத்தானது. எல்லோரும் சொல்கிற பெயர் ஒருவருக்குச் சொந்தமாகாது என்றாகிவிட்டது.

இழுக்கிற மெஷினுக்கும் ஒரு வழக்கு உண்டு. காப்புரிமைச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1921-இல் தீர்ப்பானது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பெயர் டாஃப்ட். நான் கட்டிச் சொல்லவில்லை, முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட்டேதான்.

நம் திருவிழாவில் மூங்கில் கழியில் சுற்றி, உச்சியில் பொம்மை கைதட்ட, வாட்சும் மோதிரமுமாகக் கையில் ஒட்டிவிடுகிற ஜவ்வு மிட்டாய்க்கும் வேலை இதேதான். குளுக்கோஸுக்குப் பதில் எலுமிச்சை பிழிவார்கள். புளிப்பு சர்க்கரையில் ஒரு பங்கை உடைத்துவிடும், அதனால் பூக்காது. கைதவறி அதிகமாகப் பிழிந்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் பிசுபிசுப்பு போகாது. நீ ரோஸ் கலர் போடப்போவதாக இருந்தால் பாக்கெட்டில் பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட உணவுக் கலரை மட்டும் வாங்கு. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாட்டில் தடை செய்ததே ரோடமின்-பி என்கிற துணிச் சாயத்தால்தான்.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கொதிக்கிற பாகுப் பக்கம் அவர்களை விடாதே, கையில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். இழுக்கிற நேரத்தில் கூப்பிடு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்தால்தான் அதில் ருசியே.

தண்ணீர் கொதிக்கும்போது உன் தெர்மாமீட்டர் எத்தனை காட்டியது என்று பதிலில் எழுது. 92-க்குக் கீழே காட்டினால் தெர்மாமீட்டரையும் மாற்றிவிடலாம்.

அன்புடன்,
உன் சுப்பையா