தவணை நிறைவு: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்பான பெற்றோர்களே, வணக்கம்.

முதல் தவணை நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி, கூட்டுப்பணி எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். வந்து உதவிய பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பள்ளி விடும் நேரத்தில் தம்பி தங்கையை ஏற்றிப்போக இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். சிலருக்குப் பதின்மூன்று வயதுதான். நிறுத்தினால் கால் தரையில் சரியாக எட்டுவதில்லை. பின்னால் இரண்டு பேர், முன்னால் புத்தகப்பை, ஹெல்மெட் கண்ணாடியில் தொங்குகிறது. செம்மண் பாதை முடிந்து பெரிய சாலையில் ஏறும் இடத்தில்தான் செம்பனை லோரிகள் வேகமாக வருகின்றன.

அதிகாலையிலேயே தோட்டத்தில் பெயர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் நீங்கள், மத்தியானம் வேலையை விட்டுவிட்டு வருவது எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும். "தோட்டத்துக்குள்ளேதானே சார் ஓட்டுகிறான்" என்று சிலர் சொன்னீர்கள். ஆனால் நம் பள்ளி வாசல் பொதுச் சாலையில் இருக்கிறது.

1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழே யாரும் சாலையில் எந்த மோட்டார் வண்டியும் ஓட்டக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது குற்றம், லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விடுவதும் அதே 26-ஆம் பிரிவின் கீழ் குற்றம்தான். அபராதம் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை, இல்லையென்றால் மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வழக்கு என்று போனால் பையன் சிறுவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும், சாவியைக் கொடுத்த நீங்களும் பதில் சொல்ல வேண்டும். வண்டியைப் பறிமுதல் செய்துவிட்டால் மறுநாள் வேலைக்கு எதில் போவீர்கள்? விபத்து என்றால் காப்புறுதியிலும் சிக்கல், ஏனென்றால் அது லைசென்ஸ் உள்ளவர் ஓட்டுவதற்காக எடுத்தது.

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், லைசென்ஸ் இல்லாத பிள்ளை மோட்டாரில் வந்தால் நம் மாணவரை அவரோடு அனுப்ப மாட்டோம். கோபப்பட்டாலும் பரவாயில்லை, உங்களைத்தான் தொலைபேசியில் அழைப்போம். பெரியவர்கள் வந்தாலும் பிள்ளைக்கு ஹெல்மெட் வேண்டும், பின்னால் ஒருவர் மட்டும்தான்.

வர முடியாதவர்கள் தயங்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள். இரண்டு மணி வரை பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் இருக்கலாம், ஓர் ஆசிரியர் கூடவே இருப்பார். ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் முறை வைத்து அழைத்துப்போகவோ, வேன் பேசவோ நினைத்தால் சங்கத்தினர் ஏற்பாடு செய்து தருவார்கள்.

ஏற்கெனவே சில வீடுகளில் சாவியை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், மனதுக்கு நிம்மதியாக இருந்தது. உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. விடுமுறையைப் பிள்ளைகளோடு நன்றாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்