கம்பி கக்கிய ஊத்தை: ஆறு வடிகட்டிகள் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,
வீட்டு நீர் வடிகட்டி விற்பனைப் பிரிவு.

விடயம்: மின்கம்பிப் பரிசோதனை காட்டி விற்ற ஆறு ஆர்.ஓ. வடிகட்டிகளையும் திருப்பி எடுத்தல், முழுப் பணத்தையும் மீளச் செலுத்துதல்

ஐயா,

நல்லூரில் எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகளுக்குக் கடந்த மாதம் உங்கள் நிறுவனம் ஆர்.ஓ. வடிகட்டி, அதாவது தண்ணீரை மெம்பரேன் என்ற நுண்சவ்வினூடாக அழுத்திக் கரைந்த உப்பை நீக்கும் கருவி, பூட்டியது. ஆறு வீட்டிலும் விற்பனை ஒரே விதமாகத்தான் நடந்தது. மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் மாநகரக் குழாய்த் தண்ணீர், மற்றதில் உங்கள் பிரதிநிதி போத்தலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கில் கொடுத்து, ஒரு நிமிடம் விட்டார். குழாய்த் தண்ணீர் முதலில் பச்சை ஓடி, பிறகு கடும் பழுப்பாகி, மேலே நுரையும் கீழே சேறுமாக நின்றது. மற்றது தெளிவாகவே இருந்தது. "இதைத்தானே அம்மா பிள்ளையளுக்குக் குடுக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டே ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

அந்தப் பழுப்பு முழுவதும் உங்கள் கம்பியிலிருந்து வந்தது. கருவியில் இருப்பவை இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். கரைந்த உப்புகள் உள்ள தண்ணீர் மின்னைக் கடத்தும். மின் ஓடும்போது இரும்பு கரைந்து, தண்ணீரிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இரும்பு ஐதரொட்சைட்டாகப் படியும். துருவின் நிறம் அதனால்தான் வருகிறது. சாம்பல் நிற நுரை அலுமினியத்தின் வேலை. அரை அம்பியர் மின் ஒரு நிமிடம் இரும்புக் கம்பி வழியாக ஓடினால் ஏறத்தாழ 8.7 மில்லிகிராம் இரும்பு கரையும். 200 மில்லிலீற்றர் குவளையில் அது லீற்றருக்கு 43 மில்லிகிராம். குடிநீருக்கான இலங்கைத் தரம் 614 அனுமதிக்கும் இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் மட்டுமே. அதாவது அனுமதித்த அளவைப் போல நூற்று நாற்பது மடங்குக்கு மேல் இரும்பை நீங்களே கரைத்துவிட்டு, அதைக் குழாய்த் தண்ணீரின் ஊத்தை என்று தாய்மாருக்குக் காட்டியிருக்கிறீர்கள்.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின் ஓடாது, கம்பி கரையாது, நிறமும் மாறாது. வடிகட்டி பூட்ட வந்த உங்கள் ஊழியரின் முன்னிலையில், அதே போத்தல் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கலக்கி அதே கம்பிகளை இறக்கினோம். அரை நிமிடத்துக்குள் குழாய்த் தண்ணீரை விடக் கறுத்தது. அவர் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பேசாமல் நின்றார். காக எச்சம் கழுவிவரும் கூரை மழைநீரும் இந்தச் சோதனையில் தெளிவாகவே நிற்கும், ஏனென்றால் அதிலும் உப்பு மிகக் குறைவு. 230 வோல்ற்றில் ஓடும் கம்பியைச் சிறுவர்கள் கைவைக்கக்கூடிய மேசையில் தண்ணீருக்குள் இறக்குவதன் ஆபத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

அடுத்தது பேனா போன்ற அந்த ரி.டி.எஸ். மீற்றர். அது அளப்பது மின்கடத்துதிறனை மட்டும்தான். அதைக் கரைந்த திண்மங்களின் (ரி.டி.எஸ்.) அளவாக மாற்றிக் காட்டுகிறது. தரம் 614இன் எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். "50ஐத் தாண்டினால் சிறுநீரகம் போகும்" என்று உங்கள் பிரதிநிதி சொன்னதற்கு எந்தத் தரத்திலும் இடமில்லை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயின் பயத்தை யாழ்ப்பாணத்துச் சமையலறைக்குள் கொண்டுவந்து விற்பது பெரிய அநியாயம். மீற்றர் காட்டாதவைதான் இங்கே முக்கியம். கிருமி அதில் தெரியாது. எண்ணெயும் தெரியாது. சுன்னாகம் கிணறுகளில் கழிவெண்ணெய்ப் பிரச்சினை எழுந்த காலத்தில் இந்த மீற்றரோடு போயிருந்தால் அது ஒன்றையும் காட்டியிராது.

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் பார்க்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது நைத்திரேற்றைப் பற்றித்தான். எங்கள் நிலத்தின் அடியில் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரமும், ஒரே வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மலசலகூடக் குழியும் அதன் வழியாக நிலத்தடி நீரில் சேர்கின்றன. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் போய் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைத்திரேற்றின் செறிவு கூடும். புறஊதா விளக்கும் கரிவடிகட்டியும் அதைத் தொடா. மெம்பரேன் பெரும்பகுதியைத் தடுக்கும், ஆனால் பழுதானால் விட்டுவிடும்.

இந்த ஆறில் இரண்டு வீடுகளில் கிணற்று மோட்டரும் மாநகரக் குழாயும் ஒரே மேல்தாங்கிக்குத்தான் ஏறுகின்றன. உங்கள் ஊழியர் வடிகட்டியின் உள்வழியைக் கொடுத்தது அந்தத் தாங்கியின் குழாயில். பிரதிநிதி சோதித்ததோ வாசலில் நேரே வரும் மாநகரக் குழாயை. சோதித்த தண்ணீர் ஒன்று, வடிகட்டிக்குள் போகும் தண்ணீர் வேறொன்று. அந்த இரண்டு வீட்டிலும் கிணற்று நீரின் நைத்திரேற்றையோ வன்மையையோ (கரைந்த சுண்ணாம்பின் அளவு) எவரும் பார்க்கவில்லை. சுண்ணாம்புக்கல் கிணற்றின் வன்னீரை முன்சுத்திகரிப்பு இல்லாமல் விட்டால் மெம்பரேனில் கல் படிந்து விரைவில் அடைத்துவிடும்.

மற்ற நாலு வீட்டின் நிலை இன்னும் மோசம். வடிகட்டித் துண்டுகள் இருக்கும் கோப்பைகளைத் திறந்து பார்த்தோம். முதல் கோப்பையில் 5 மைக்ரோன் படிவு வடிகட்டி. குளோரினைப் பிடிக்கும் கரித்துண்டு இருக்க வேண்டிய இரண்டாவது கோப்பையிலும் அதே படிவு வடிகட்டிதான். மாநகரக் குழாய் நீரில் கிருமியைக் கொல்ல விட்ட குளோரின் எஞ்சியிருக்கும்; குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது இருப்பது நல்லது. அந்தக் குளோரின்தான் மெம்பரேனை அரிக்கும். மெம்பரேனுக்கு முன்னால் எடுத்த 10 மில்லிலீற்றர் நீரில், குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரை போட்டவுடன் இளஞ்சிவப்பு ஏறியது. ஆகவே குளோரின் தடுக்கப்படாமல் நேரே மெம்பரேனுக்குப் போகிறது. மாதங்கள் செல்லச் செல்ல மெம்பரேன் உப்பைத் தடுக்காமல் விடத் தொடங்கும். அப்போது புது மெம்பரேன் விற்க வருவீர்கள்.

கழிவு நீர்க் கணக்கையும் விற்கும்போது யாரும் சொல்லவில்லை. நாங்கள் வாளியில் பிடித்துப் பார்த்தோம்: ஒரு லீற்றர் குடிநீருக்கு மூன்று லீற்றர் வெளியே போகிறது. நாளுக்கு 20 லீற்றர் எடுத்தால் 60 லீற்றர் கழிவு. மாதம் 1,800 லீற்றர், கிட்டத்தட்ட இரண்டு யூனிற் (ஒரு யூனிற் 1,000 லீற்றர்). வற்றாத ஆறில்லாத குடாநாட்டுக்கு, தாளையடியில் 2024இல் திறந்த நிலையத்தில் கடல்நீரை மெம்பரேனில் அழுத்தி நாளுக்கு 24,000 கனமீற்றர் வரை நன்னீர் எடுக்கிறார்கள். அப்படி வரும் நீரை வீட்டில் இன்னொரு தரம் அழுத்தி முக்கால்வாசியை மண்ணில் விடச்சொல்லி விற்பதை எங்களால் ஏற்க முடியாது.

ஆர்.ஓ. வேண்டாத பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. நைத்திரேற்றோ சவரோ கூடிய கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு அது உதவும். ஆனால் விற்க முன்னர் உள்வழி நீரில் நைத்திரேற்று, வன்மை, குளோரைட்டு பார்க்க வேண்டும். மாநகரக் குழாயென்றால் எஞ்சிய குளோரினும் கலங்கலும் அந்த இடத்திலேயே பார்க்கலாம். மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமிக்கு, குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, குளோரினை முறிக்கும் தயோசல்பேற்று இட்ட கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும். 100 மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது. இந்த வேலைக்குக் கம்பி தேவையில்லை.

ஆறு வடிகட்டிகளையும் 14 நாட்களுக்குள் உங்கள் செலவில் கழற்றி எடுத்து, துளையிட்ட குழாய்களை ஒழுக்கில்லாமல் அடைத்து, செலுத்திய முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். கம்பிக் கருவியை விற்பனையில் இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் வேண்டும். இதே கருவியைக் காட்டி விற்ற மற்ற வீடுகளுக்கும் உண்மையை அறிவிக்க வேண்டும். முக்கியமாக, கைக்குழந்தை உள்ள வீடுகளின் உள்வழி, வெளிவழி நீர் இரண்டையும் நைத்திரேற்றுக்கு உங்கள் செலவில் சோதித்து அறிக்கை கொடுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வர்த்தகர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு முறையிட வேண்டும். எங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆறு ரசீதுகளின் பிரதிகள், கோப்பைகளைத் திறந்து எடுத்த படங்கள், உப்பிட்ட குவளையின் படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். கழற்ற வருகிறவர் இரண்டாவது கோப்பையின் படிவு வடிகட்டியை எங்கள் முன்னிலையிலேயே கழற்றி, அதில் அச்சிட்டிருக்கும் பெயரைக் குறித்து ஒப்பமிட்டுத் தர வேண்டும்.

இங்ஙனம்,
ஒழுங்கைப் பாவனையாளர்கள் (ஆறு வீடுகள்),
நல்லூர், யாழ்ப்பாணம்.