பிரபுவுக்கு, யாழியின் இருமல் பற்றி

அன்புள்ள பிரபு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்கிறார், பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். சித்தி விஷயம் நீ சொன்னபடியே பேசி முடித்தாயிற்று. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

யாழி எப்படி இருக்கிறாள்? போனில் கேட்டால் "நல்லா இருக்காம்மா" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை அவள் பின்னால் இருமியபோது நீ சட்டென்று மைக்கை அணைத்தாய். எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் நெஞ்சு நோய் வார்டில் வேலை பார்த்தவளுக்கு இருமலில் வித்தியாசம் தெரியாதா? அது சளி இருமல் இல்லை. ராத்திரியும் விடியற்காலையும் வருகிற வறட்டு இருமல். ஓடி விளையாடினால் வரும், அழுதால் வரும், வாய்விட்டுச் சிரித்தால்கூட வரும்.

போன தடவை இந்தப் பேச்சை எடுத்தபோது என்ன ஆயிற்று என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். கவிதா என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. குழந்தையை ராத்திரி எழுந்து பார்த்துக்கொள்கிறவள் அவள்தான், யாராவது எதையாவது சொன்னால் தன்னைக் குறை சொல்வது போலத்தான் இருக்கும். அதனால் வீட்டைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் எழுதப் போவதில்லை. யாரிடமும் கை நீட்டாமல் உன் சம்பாத்தியத்தில் நீ வாங்கிய வீடு. நம் குடும்பத்தில் அப்படி வாங்கிய முதல் ஆள் நீ. அப்பா அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அங்கே வந்திருந்தபோது மேம்பாலத்துப் பக்கம் இருக்கிற ஜன்னலின் விளிம்பைத் துடைத்தேனே, அது எனக்கு மறக்கவில்லை. காலையில் துடைத்தால் சாயங்காலத்துக்குள் மறுபடியும் கறுப்பு. சாதாரண தூசி என்றால் துணியை உதறினால் போய்விடும். இது பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் விரல் ரேகைக்குள் கோடு கோடாகக் கறுப்பு நின்றது. டீசல் கரி, தேய்ந்த டயர், பிரேக்கிலிருந்து உதிர்ந்த உலோகப் பொடி எல்லாம் சேர்ந்தது அது. விளிம்பில் படிகிறது கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போவதுதான் என் கவலை. காற்றின் தரத்தைக் காட்டுகிற செயலியில் பிஎம் 2.5 என்று போடுகிறார்களே, அந்த நுண்துகள் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போகும். அதிலும் மிகச் சிறியவை இரத்தத்திலேயே கலந்துவிடும். இருமல் மட்டும் இல்லை, மாரடைப்பு, பக்கவாதம் வரை இதில் கொண்டுபோய் விடும். வெளிக்காற்று மாசே புற்றுநோய்க்குக் காரணி என்று 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது.

"இந்த ஊர்ல எல்லாரும் இதைத்தானேம்மா சுவாசிக்கிறாங்க" என்றாய். சரி, உண்மைதான். உலகத்தில் நூற்றுக்கு 99 பேர் உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பை மீறிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பிஎம் 2.5 துகளுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த வரம்பை 2021-இல் 5 ஆகக் குறைத்தார்கள். 10-க்குக் கீழேயும் உடம்புக்குக் கெடுதல் இருப்பது தெரிந்த பிறகுதான் குறைத்தார்கள். ஆனால் எல்லாரும் சுவாசிக்கிறார்கள் என்பதால் எல்லாருக்கும் ஒரே அளவா உள்ளே போகிறது? ஆறு வயதுக் குழந்தை உன்னைவிட வேகமாக மூச்சு விடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் உன்னைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. ரோட்டோரம் நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உன் மூக்கைவிட அவள் மூக்குதான் வண்டிகளின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. உன் நுரையீரல் வளர்ந்து முடிந்துவிட்டது. அவளுடையது இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் வளர வேண்டும்.

அந்த வளர்ச்சியைத்தான் தெற்கு கலிபோர்னியாவில் வருஷக்கணக்காக அளந்தார்கள். பல ஊர்களின் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குழாயில் ஊதச் சொல்லி, பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை பின்தொடர்ந்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. காற்று மிக மோசமாக இருந்த ஊரில், பதினெட்டு வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்த பிள்ளைகளின் விகிதம், காற்று நன்றாக இருந்த ஊரைப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பெரிய நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் குடியிருந்த பிள்ளைகளுக்கு வளர்ச்சி குறைந்திருந்ததையும் பிறகு பார்த்தார்கள். உன் பால்கனியிலிருந்து அந்த மேம்பாலம் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. நீ இன்ஜினீயர், உனக்கே தெரியும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே வண்டிப் புகைக்கும் தொழிற்சாலைப் புகைக்கும் கட்டுப்பாடுகளை இறுக்கினார்கள், காற்று சுத்தமாகிக்கொண்டே வந்தது. பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் நன்றாக வளர்ந்ததாக அதே ஆய்வுக்காரர்கள் 2015-இல் எழுதினார்கள். காற்றை மாற்றினால் பிள்ளைகளின் மார்பில் பலன் தெரிகிறது, பிரபு. எனக்குத் தைரியம் தருகிற விஷயம் இதுதான்.

நீ தாத்தாவைச் சொல்வாய். நம் வம்சத்திலேயே இளைப்பு இருக்கிறது, அதுதான் குழந்தைக்கும் வந்திருக்கிறது என்பாய். தாத்தாவின் கடைசிக் காலத்தை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். வம்சம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு இரும்பு ஆலை 1986-இல் மூடி, 13 மாதம் கழித்துத் திறந்தது. ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகள், மூடியிருந்த குளிர்காலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு. அதே ஊர், அதே வம்சங்கள். மாறியது புகை மட்டும்தான். நமக்குள்ளே இருக்கிற பலவீனத்தை நம்மால் மாற்ற முடியாது. அதைத் தூண்டிவிடுகிறதைக் குறைக்கலாம் இல்லையா?

ஏர் பியூரிஃபையர் வாங்கி வைத்திருக்கிறாய், சந்தோஷம். உன் பொறுப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. துகளை அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் வண்டிப் புகையிலும் அடுப்பிலிருந்தும் வருகிற நைட்ரஜன் டை ஆக்சைடை அதன் துகள் வடிகட்டி பிடிக்காது. சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொல். கொசுவர்த்திச் சுருள் வேண்டவே வேண்டாம், வலை கட்டு. சாலையில் நெரிசல் இருக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்காதே, நெரிசல் குறைந்ததும் திற. செயலியில் பச்சை காட்டுகிறது என்று நம்பி விட்டுவிடாதே. அது அளவுமானி இருக்கிற இடத்தின் எண், உன் ஜன்னலின் எண் இல்லை.

இன்ஹேலர் விஷயம். தடுப்பு இன்ஹேலரை அவள் நன்றாக இருக்கிற நாளிலும் கொடுக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. வார்டில் நான் பார்த்ததில் பாதிப் பேர் நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிட்டு, மூச்சு முட்டி வந்தவர்கள்தான். கொடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வை.

எதைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிவிடுகிறேன். கவிதாவும் படிக்கட்டும். மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போகிறதா, விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் ஒட்டி இழுக்கிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுப் பேசினால், டாக்டர் எழுதிக் கொடுத்தபடி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில், அதுதான் இன்ஹேலரில் மாட்டுகிற அந்தக் குழாயில், கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். திணறிக்கொண்டிருக்கும்போதே விசில் சத்தம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. காற்றே உள்ளே போகவில்லை என்றுகூட அர்த்தம் இருக்கலாம். உதடு நீலம் பாய்கிற வரை காத்திருக்கக் கூடாது.

இதற்கு மேல் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுதிவிடுகிறேன். லண்டனில் எல்லா என்று ஒரு சிறுமி இருந்தாள். எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா. சவுத் சர்குலர் என்ற நெரிசல் மிகுந்த சாலைக்குப் பக்கத்திலேயே வீடு. கடுமையான ஆஸ்துமா. திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 2013 பிப்ரவரியில், ஒன்பது வயதில் போய்விட்டாள். முதல் விசாரணையில் மூச்சு செயலிழப்பு என்றுதான் எழுதினார்கள். அவள் அம்மா ஒரு ஆசிரியை. அவர் விடவில்லை. ஸ்டீபன் ஹோல்கேட் என்ற பேராசிரியர் அந்தக் குழந்தையின் சேர்க்கைப் பதிவுகளையும் அருகிலிருந்த காற்று அளவுகளையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார். 2020 டிசம்பரில், காற்று மாசும் அவள் சாவுக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் அப்படி எழுதப்பட்ட முதல் சாவு அது. அந்தத் தீர்ப்பில் ஒரு இடத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. காற்று மாசின் ஆபத்தைப் பற்றி அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைகள் குழந்தையின் சாவைத் தடுத்திருக்கலாம் என்று அதில் இருக்கிறது.

எனக்குத் தெரியும். தெரிந்த நான் சொல்லாமல் இருக்க முடியாது. நீ கோபித்துக்கொண்டாலும் சரி, கவிதா பேசாவிட்டாலும் சரி.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. யாழிக்கு அந்த அளவுக்குக் கிடையாது, சரியான மருந்தில் அவள் நன்றாக ஓடியாடி வளர்வாள். ஆனால் ஒரு நோட்டுப் போடு. தேதி, அன்றைக்குக் காற்றின் எண், ராத்திரி இருமினாளா, நிவாரண இன்ஹேலர் எத்தனை தடவை, எங்கே போய்வந்தீர்கள். இவ்வளவுதான். கவிதாவின் கையெழுத்து அழகாக இருக்கும், அவளே எழுதட்டும். டாக்டரிடம் நீ வாயால் சொல்வதைவிட அந்த நோட்டு தெளிவாகச் சொல்லும். ஊருக்கு வெளியே போய்த் தங்கிய நாட்களில் இருமல் குறைந்ததா என்பதையும் மறக்காமல் எழுதச் சொல். நோட்டைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள்.

வீட்டைப் பற்றி எழுத மாட்டேன் என்றேன். எழுதாமல் எப்படி முடியும்? வீட்டை மாற்ற முடியுமா என்று பார், பிரபு. விற்க வேண்டாம், வாடகைக்கு விட்டுவிட்டு உள்வாங்கிய தெருவில் வேறு வீடு பார்க்கலாம். முடியவே முடியாது என்றால் அவள் படுக்கையை இன்றைக்கே பின்பக்கத்து அறைக்கு மாற்று. சாலைப் பக்கத்து அறை உனக்கு ஆபீஸ் அறையாக இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கும் மெயின் ரோட்டை விட்டு உள் தெரு வழியாக அழைத்துப் போ.

நீங்கள் காலி செய்தால் அந்த அறையில் இன்னொரு குழந்தை வந்து படுக்கும், அதையும் நினைக்கிறேன். நம் பிள்ளையைத் தள்ளி வைப்பதால் புகை எங்கேயும் போய்விடுவதில்லை. பிரிட்டனில் நிலக்கரி நிலையங்களுக்கு உயரமான புகைபோக்கிகள் கட்டி, பக்கத்து ஊர்களுக்குப் புகை வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கந்தகம் கடல் தாண்டிப் போய் அமில மழையாக இறங்கி, நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மீன் செத்தது. அதனால் உன்னால் முடிந்ததை அங்கேயே செய். பள்ளி வாசலில் பஸ்களும் கார்களும் இன்ஜினை அணைக்காமல் நிற்பதை நானே பார்த்தேன், குழந்தைகள் அந்தப் புகைக்கு நடுவில்தான் வரிசையாக நடந்து வருகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசு. உனக்குப் பேச வரும். கல்லூரியில் தண்ணீர்த் தொட்டிக்காக நீ செய்ததை நான் மறக்கவில்லை. அப்போது பயந்து உன்னைத் தடுக்கப் பார்த்தவர் உன் அப்பா. இப்போது அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறவரும் அவர்தான்.

சனிக்கிழமை போன் செய்யும்போது மைக்கை அணைக்காதே. யாழியிடம் போனைக் கொடு. புதிதாக என்ன கதை படித்தாள் என்று அவள் வாயால் முழுதாகச் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். கவிதாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவளும் தூங்க வேண்டும், ராத்திரி முறையை நீ பாதி எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: ஸ்பேசரைக் கழுவிய பிறகு துணியால் துடைக்காதீர்கள், தேய்த்தால் மருந்து உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய விடுங்கள். போனில் சொன்னேன், நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.