மழைக்கு முன் கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவுப் பணி): ஞாயிறு, அக்டோபர் 12

அனைவருக்கும் வணக்கம். 2017 நவம்பர் 4 இரவு பினாங்கு வெள்ளத்தில் நம் ஜெலுத்தோங் பக்கம் என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. பருவமழை மாறும் நேரம் இது. மாலையானால் இடியும் காற்றும்தான். சாலையோரக் கால்வாயும் மரங்களும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. வளாகத்துக்குள் இருப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

காலை 8 மணிக்குக் காவலர் அறை முன் கூடுவோம்.

1. கையுறை, மண்வெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள். பி புளோக் பின்கால்வாய் மூடியடியில் பிளாஸ்டிக் பையும் தேங்காய் மட்டையும் அடைத்துக் கிடக்கின்றன, முதல் வேலை அங்கேதான்.
2. சாய்ந்த மரம், முறிந்த கிளை கண்டால் படம் எடுத்து, இடம் குறிப்பிட்டு இந்தக் குழுவில் போடுங்கள். சேர்த்து மன்றத்துக்குப் புகார் அனுப்புகிறேன். நீங்களே ஏறி வெட்ட வேண்டாம்.
3. வானிலைத் துறையின் எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். ஆரஞ்சு வந்ததுமே கீழ்த்தளக் கார்களை மேட்டுக்கு மாற்றுங்கள்.
4. தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். ஆபத்தென்றால் 999 அவசர எண்ணை அழையுங்கள். குழுவில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.
5. தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டு எண்ணை எனக்குத் தனியே அனுப்புங்கள்.

முறுக்கு பிழியும் வாரம், தெரியும். வீட்டுக்கு ஒருவர் போதும். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர், புளோக் எண் போடவும்.